வடிவு வீட்டு நடுவில் போகும் தெரு

வாகைப்பேரியில் இப்போது யாரைக் கேட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகிற அந்தத் தெரு ஆதியிலிருந்தே அங்கேதான் இருந்தது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார்கள். ஆனால் தெரு இருக்கிற அதே இடத்தில் ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டு நடுக்கூடமான பட்டாசாலையில் பிரமநாயகமும் அவர் மனைவி சண்முகவடிவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், குழம்பில் உப்பு கூடிப்போனதற்குச் சிரித்தார்கள், மழைக்காலத்தில் ஒரே ஓட்டுக்குக் கீழே ஒழுகுகிற இடத்தில் ஒரே சட்டியை மாற்றி மாற்றி வைத்தார்கள். பிறகு ஒருநாள் பேசாமல் ஆனார்கள், பேசாமல் ஆன மறுநாள் காலையில் வீடு நடுவில் விலகத் தொடங்கியது.

முதலில் பார்த்தவள் வடிவுதான். பட்டாசாலையைப் பெருக்கிக்கொண்டிருந்தவள், கூட்டிச் சேர்த்த தூசி தரைக்குள் போவதைக் கண்டு குனிந்து பார்த்தாள். வாசல்படியிலிருந்து பின்கட்டுச் சுவர் வரை சிவப்புச் சிமெண்டுத் தரை ஒரு விரல் கனத்துக்குப் பிரிந்திருந்தது. அடுத்த நாள் கை நுழைகிற அகலம், அதற்கும் அடுத்த வாரம் ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலம் என்று இடைவெளி வளர்ந்தது. சத்தமில்லை, புழுதி இல்லை, மேலே உத்திரமும் ஓடும் ஒன்றையொன்று நோகாமல் விட்டுக்கொடுத்துக்கொண்டு இரண்டாகப் போக, நடுவில் வானம் தெரிந்தது. அடுப்படியும் ஆட்டுரலும் சாமிப் படமும் வடிவோடு மேற்கே நின்றன, படுக்கையறையும் பீரோவும் கிணறும் பிரமநாயகத்தோடு கிழக்கே போயின. முதல் நாள் தரை பிரிந்தபோது அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். விலகிப் போகிற தரையைப் பார்த்தார், எதிர்ப்புறம் விளக்குமாறோடு நின்றவளைப் பார்த்தார், மிச்சமிருந்த கன்னத்தையும் வழித்து முடித்து, குடையை எடுத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். எதற்கும் வாய் திறக்காத மனிதர் வேறென்ன செய்வார்?

வாய் திறக்காததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். பிரமநாயகத்தின் தங்கை நாச்சியாருக்குக் காந்திமதி என்று ஒரே மகள். பிள்ளையில்லாத வடிவு அந்தக் குழந்தையைத் தூக்கி வளர்த்தாள், பேன் பார்த்தாள், சடை பின்னினாள். அவள் பெரியவளானபோது தாய்மாமன் சீராக ஒரு சங்கிலி போட வேண்டும் என்றதும், தன் கையில் கிடந்த வளையல்களைக் கழற்றி ஆசாரியிடம் கொடுத்து அழித்துச் செய்யச் சொன்னதும் வடிவுதான். யாரிடமும் சொல்லக்கூடாது, தாய்மாமன் போட்டதாகவே இருக்கட்டும் என்று கணவனிடம் கேட்டுக்கொண்டாள்.

சடங்கு அன்றைக்குச் சபை நிறைந்திருந்தது. சீர்த்தட்டைத் தலையில் வைத்துச் சுமந்து வந்தாள் வடிவு. தட்டைச் சபையில் இறக்கி மூடியிருந்த துணியை விலக்கினால் சங்கிலியைக் காணோம்.

நாச்சியார் எழுந்து நின்றாள். "தட்டு கடைசியா மதினி கையிலதான இருந்துச்சு? புள்ள பெறாதவ கையில மங்கலத்தைக் கொடுக்காதன்னு அம்மை அப்பமே சொன்னா, நாந்தான் கேக்கல" என்றாள். யாரோ ஒரு பெரியம்மை, சந்தேகம் தீர்ந்துவிடட்டுமே என்கிற நல்ல எண்ணத்தோடு, "மடியை ஒரு தரம் உதறிருளா வடிவு, ஒண்ணும் குறைஞ்சிராது" என்றாள்.

வடிவு கணவனைப் பார்த்தாள். மணையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார் அவர். அந்தக் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. தாய்மாமன் மாலை போட்டு மணையில் அமர்ந்துவிட்டால் ஆரத்தி சுற்றி முடியும் வரை மறுத்து ஒரு சொல் பேசக்கூடாது, பேசினால் அந்தச் சொல் பெண்பிள்ளையின் வாழ்க்கையில் போய் விழும் என்பார்கள். பிரமநாயகம் முறை தவறாதவர். அவர் தரையில் போட்டிருந்த மாக்கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், அவ்வளவு பேருக்கு முன்னால் வடிவு சேலை மடியை அவிழ்த்து உதறினாள். ஒரு வெற்றிலைக் காம்பு விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் சங்கிலி கிடைத்தது, பூமாலை சுற்றி வந்த வாழையிலைக்குள் நாரோடு சிக்கிக் கிடந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நாச்சியாரும் சிரித்து, "மனசுல வச்சுக்காதீங்க மதினி" என்றாள். ஆரத்தி முடிந்தது, மாலை கழன்றது, முறை போட்ட கட்டும் அவிழ்ந்தது, பிரமநாயகம் கை கழுவிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "தலைவலிக்கு மாத்திரை வச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டார்.

வடிவு காத்திருந்தாள். இன்று சொல்வார், நாளை சொல்வார், தீபாவளிக்குத் தங்கை வீட்டார் கூடும்போது சொல்வார் என்று காத்திருந்து, கடைசியில் வெட்கத்தை விட்டு அவளே கேட்டாள். "நான் எடுக்கலன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"அதான் கெடச்சிருச்சே வடிவு. இன்னும் என்னத்தச் சொல்ல?"

அத்தோடு அவள் பேசுவதை நிறுத்தினாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம், என் பொண்டாட்டி எடுக்க மாட்டா என்கிற அந்த வாக்கியத்தை, உதறச் சொன்ன வாய்களுக்கும் சிரித்த வாய்களுக்கும் முன்னால் அவர் சொல்ல வேண்டும். சங்கிலி தன்னைக் காப்பாற்றியதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, புருஷன் காப்பாற்றவில்லை என்பதுதான் அவள் நெஞ்சில் கிடந்து அரித்தது.

ஊருக்குத் தெரிந்ததும் சொந்தக்காரர்களும் பெரிய மனிதர்களும் சமாதானம் பேச வந்தார்கள். பாதிப் பேர் மேற்கிலும் பாதிப் பேர் கிழக்கிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடுவில் விலகியிருந்த தரையைப் பார்த்தும் பாராததுபோல, பொம்பளைதான் கொஞ்சம் அனுசரித்துப் போகவேண்டும், எந்த வீட்டில்தான் இல்லை, சட்டியும் பானையும் இடிக்காமலா இருக்கிறது என்று வடிவுக்கு எடுத்துச் சொன்னார்கள். அவர்கள் சொல்லச் சொல்லத் தரை விலகிற்று. ஓரத்தில் உட்கார்ந்திருந்த கவுன்சிலர் சுடலைமணியை நாற்காலியோடு தூக்கி உள்ளே தள்ளிப் போட வேண்டியதாயிற்று. அப்படியும் அவர் பேச்சை நிறுத்தவில்லை. வடை தின்று காபி குடித்துவிட்டு அவர்கள் எழுந்து போனபோது நடுவில் ஒரு சைக்கிள் போகிற அளவுக்கு இடமிருந்தது.

சைக்கிள் போகத்தான் செய்தது. அந்த வீடு இருந்தது குளக்கரையை ஒட்டிய நெடுகலான வீட்டு வரிசையின் நடுவில், ஒன்றோடொன்று சுவர் சேர்ந்த வீடுகள், ஊசி நுழைய இடமில்லை. கடைவீதியிலிருந்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் குளத்தைச் சுற்றி, அரிசி ஆலையைச் சுற்றி, ரயில்வே கேட்டில் நின்றுதான் போகவேண்டும். ஆகவே முதலில் எறும்பு போனது, பிறகு பூனை போனது, பிறகு பெண்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "பெரியம்ம, இப்படிப் போய்க்கிடட்டுமா?" என்று கேட்டுவிட்டு ஒருக்களித்துப் போனார்கள். பால்காரர் போனார், கீரைக்காரி போனாள், கேட்பது மெதுவாக நின்றது. அளக்க வந்த சர்வேயர் அளவுச் சங்கிலியை இழுத்து இழுத்துப் பார்த்து, இடைவெளி இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் எந்த வீடும் குறையவில்லை, வரிசையின் மொத்த நீளமும் பழையபடியே இருக்கிறது என்று எழுதிக்கொண்டு, வடிவு கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். அதற்கு மேல் யாரும் அதைத் தோண்டிக் கேட்கவில்லை.

ஒரு மழைக்கால மத்தியானத்தில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்த ஆட்டோ, ரயில்வே கேட் மூடியிருந்ததால் திரும்பி, வேறு வழியில்லாமல் வடிவு வீட்டு நடுவில் நுழைந்தது. இரண்டு பக்கமும் ஒரு சாண்கூட மிச்சமில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னாளாம். பிறந்த பெண் குழந்தைக்கு வடிவு என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு அந்த ஊரில் பல குழந்தைகளுக்கு வடிவு என்று பெயர், அவளுக்கென்று ஒரு குழந்தை பிறக்கவில்லை என்பதை யாரும் பேச்சில் எடுக்காமல் ஆனார்கள்.

இடைவெளி இன்னும் அகன்றது, நகராட்சி தார் போட்டது, விளக்கு நட்டது. பிரமநாயகத்தின் படுக்கையறை தெருவைப் பார்க்கத் திறந்து கிடந்ததால் அவர் முதலில் வேட்டியைத் திரையாகக் கட்டினார், பிறகு செங்கல் வைத்து அடைத்து ஒரு கதவு போட்டுக்கொண்டார். வடிவு தன் பக்கம் ஓரமாக ஒரு துண்டுச் சுவர் வைத்துக்கொண்டாலும் அடுப்படியைத் தெருவுக்குத் திறந்தபடியே விட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அடுப்பெரிவதைப் பார்த்து, "யம்மா, ஒரு காபி கிடைக்குமா? உள்ள ஆள் கிடக்கு" என்று கேட்டார்கள், கேட்டவர்களுக்கு எப்படி இல்லையென்பது என்று போட்டுக் கொடுத்தாள், காபி இட்லியாயிற்று, ஒரு பெஞ்சு வந்தது, பிறகு இன்னொரு பெஞ்சு வந்தது. ஊரெல்லாம் அவள் கையில் சாப்பிட்டது. பிரமநாயகம் மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு அதே தெருவில் இறங்கி, எதிர்ப்பக்கம் பாராமல் பஸ் ஸ்டாண்டு ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். தெருவை ஊரே நெடுக்கும் குறுக்குமாக நடந்தது, அந்த இருவர் மட்டும் அதைக் குறுக்கே கடந்ததில்லை.

இதற்கிடையில் வடிவு விவாகரத்து கேட்டு மனுப் போட்டிருந்தாள். ஊரில் அப்படி ஒரு பெண்ணும் கேட்டதில்லை. கோர்ட்டில் ஜட்ஜையா அவளை நல்லவிதமாகத்தான் விசாரித்தார். "அடிச்சாராம்மா?"

"இல்லங்க."

"குடிப்பாரா? வேற பொம்பளை சகவாசம் உண்டா?"

"ஐயோ, அப்படியெல்லாம் சொன்னா என் நாக்கு அழுகிரும்."

"பின்ன என்னதான் செஞ்சாரு?"

"ஒண்ணுஞ் செய்யலங்க. சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லல."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. ஒருவரையொருவர் பிரிந்து வாழ்கிறார்களா என்று பார்க்க வேண்டும் என்றார் ஒரு வக்கீல், ஒரே கூரையின் இரண்டு பாதிகளுக்குக் கீழேதானே இருக்கிறார்கள், அது எப்படிப் பிரிவாகும் என்றார் இன்னொருவர், நடுவில் பால் லாரி போகிறதே என்றார் முதல் வக்கீல். வாய்தா மேல் வாய்தா விழுந்தது. பிரமநாயகம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து, கூப்பிட்டபோது எழுந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். வடிவு அவரைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், இன்றைக்காவது சொல்லிவிட மாட்டாரா என்று பார்ப்பாள், பிறகு வீட்டுக்கு வந்து மாவு அரைப்பாள். வருடங்கள் போயின. அவள் தலை நரைத்தது. தெருவில் மினி பஸ் ஓடத் தொடங்கியது.

அந்த வருடம் ஐப்பசியில் பிரமநாயகத்துக்குக் காய்ச்சல் கண்டது. அவர் கதவு திறக்கவில்லை, குடை வெளியே வரவில்லை. வடிவு இட்லி அவித்துக்கொண்டே அந்தக் கதவைப் பார்த்தாள், சட்டினி தாளித்துக்கொண்டே பார்த்தாள், பிற்பகலில் மிளகைத் தட்டிப் போட்டு ரசம் வைத்து, தூக்குவாளியில் ஊற்றி, வாசலில் பூக்கட்டி விற்கிற செல்லம்மாளிடம் கொடுத்தாள். "அவ்வோகிட்டக் கொடுத்திட்டு வா. நான் கொடுத்தேன்னு சொல்ல வேண்டாம்."

சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஒரு வாய் குடித்ததுமே பிரமநாயகம் அழுதுவிட்டார் என்று செல்லம்மாள் வந்து சொன்னாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாயங்கால மினி பஸ் வந்தது, வந்த பஸ்ஸின் பக்கக் கண்ணாடி வடிவின் சுவரில் உரசி நொறுங்கியது. டிரைவர் இறங்கிப் பார்த்தார். இத்தனை காலம் தாராளமாகப் போய்வந்த தெரு ஒரு முழம் குறைந்திருந்தது.

ஊர் ஆடிப்போயிற்று. மறுநாள் காலையிலேயே கவுன்சிலர் சுடலைமணி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இட்லி வேண்டாமென்றார். "யக்கா, அண்ணாச்சிக்கு ரசம் நாங்க வாங்கிக் கொடுக்கோம். டாக்டரக் கூட்டிட்டு வந்து காட்டுதோம். நீங்க எதையும் கொடுத்து விடாதீங்க. மனசக் கொஞ்சம் கல்லாக்கிக்கிடுங்க."

"நீங்கதான தம்பி, அனுசரிச்சுப் போன்னு அன்னைக்கு இந்த வீட்ல உக்காந்து சொன்னது?"

"அது அன்னைக்கு. அன்னைக்கு ரோடு இல்லையே" என்றார் சுடலைமணி, கூச்சமில்லாமல்.

அன்று முதல் ஊரே அவர்களைப் பிரித்து வைக்கிற காரியத்தில் இறங்கியது. வடிவு எதிர்க் கதவைப் பார்த்தால் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து நின்று மறைத்தார்கள். செல்லம்மாள் பூக்கூடையை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டாள். சடங்கு வீட்டில் வாயைப் பொத்திச் சிரித்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, "அத்தன பேருக்கு முன்னால மடிய உதற விட்ட மனுசன்ளா அது, மறந்திருவியா நீ? நானா இருந்தா சாகுற வரைக்கும் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று வடிவுக்காக வயிறெரிந்தார்கள். வடிவுக்கு ஆத்திரம் வந்தது. அவளுடைய காயத்தை அவள் தனியாக வைத்து அழுதபோது அது ஒன்றுமில்லாத விஷயம், இப்போது அது நகராட்சிச் சொத்து, ஆறவிடாமல் ஆளுக்கு ஒரு நாள் காவல். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒவ்வொரு ஆட்டோவையும் அவள் பார்த்தாள். உள்ளே முனகுகிறவர்களின் முகத்தைப் பார்த்தாள். அவர்கள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்ததுதான் அவளை இன்னும் வதைத்தது.

கடைசியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். தெருவிலேயே, மத்தியானப் பஸ் போன பிறகு, பந்தல் கட்டி மைக் வைத்து. சுவர்கள் கேட்கும்படியாக இரண்டு பேரும் வாயால் சொல்லிவிட்டால் போதும், இனி எந்தக் காலத்திலும் சேர மாட்டோம் என்று சொல்லிவிட்டால் தெரு நிலைத்துவிடும் என்பது சுடலைமணியின் யோசனை. நாச்சியாரும் வந்திருந்தாள், மூட்டு வலிக்கு ஊசி போட வாரம் தவறாமல் அந்தத் தெருவில் போகிறவள். "அண்ணே, இத்தன வருசம் இருந்திட்டீங்க, இப்படியே இருந்துக்கிடுங்க. நீ சொல்லிருண்ணே" என்று மைக்கை அண்ணன் கையில் கொடுத்தாள்.

காய்ச்சலில் பாதியாகிப்போன உடம்பில் துண்டைப் போர்த்திக்கொண்டு பிரமநாயகம் தன் கதவுக்கு முன்னால் நின்றார். வடிவு தன் அடுப்படியில் நின்றாள். மைக் கொஞ்ச நேரம் கூவியது. ஒருவர் வந்து அதைச் சரிசெய்தார்.

"தங்கச்சி மக சடங்குல சங்கிலி காணாமப் போச்சுல்லா" என்று தொடங்கினார் பிரமநாயகம். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது, நாச்சியாரின் முகம் மாறியது. "அது எங்க போச்சுன்னு அப்போ எனக்குத் தெரியாது. ஆனா வடிவு எடுக்கலன்னு தெரியும். தெரிஞ்சும் கோலத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். மணையில இருக்கவன் பேசக்கூடாது, முறைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். முறை இல்ல. பயம். தங்கச்சி மொகம் கோணிரும், சபை ஒரு மாதிரி பாக்கும்னு பயம். மாலையைக் கழத்துன பெறகும் பேசலையே, அப்போ என்ன முறை? அது அவ வளையல அழிச்சுப் போட்ட சங்கிலி. அவ போட்ட சங்கிலிய அவளே களவாண்டான்னு சொல்லி மடிய உதறச் சொன்னாங்க, நான் பாத்துக்கிட்டு இருந்தேன். என் பொண்டாட்டி எடுக்க மாட்டா. எடுக்க மாட்டா. இதச் சொல்ல எனக்கு இம்புட்டுக் காலம் ஆச்சு."

நாச்சியார் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது சுவர்கள் அசைந்தன. கிழக்குப் பாதி மேற்கையும் மேற்குப் பாதி கிழக்கையும் நோக்கி மெல்ல நகர்ந்தன, பந்தல்கால் வளைந்தது, தார் சுருங்கிப் புடைத்தது. "ரோடு போச்சே!" என்று யாரோ கத்தினார்கள். ஆண்களும் பெண்களும் ஓடிப்போய் இரண்டு சுவரிலும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள், அன்றைக்கு நாற்காலி போட்டுச் சமாதானம் பேசியவர்கள் அத்தனை பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் புருஷன் பெண்டாட்டியை விலக்கித் தள்ளினார்கள், சுவர்கள் அவர்களையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வந்தன.

வடிவு எதையும் கேட்கவில்லை. அவள் அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டாள், அதற்கு மேல் வேறொன்றும் காதில் ஏறவில்லை. சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம், இடுப்பில் எத்தனையோ வருடமாக இறுக்கிப் பிடித்திருந்த மடி தானாகத் தளர்ந்தமாதிரி இருந்தது. எதிரே அவர் முகம் பக்கத்தில் பக்கத்தில் வந்தது, கன்னம் ஒடுங்கிய, வழிக்காத முகம். ஓடிப்போய் அந்த நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் விட்டதா என்று பார்க்க வேண்டும்போல இருந்தது. அப்போதுதான் அவள் தன் கால்களைப் பார்த்தாள். அவள் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. வீடு அவளைத் தூக்கிக்கொண்டு போகிறது. சடங்கு வீட்டில் உதறு என்றார்கள், பிறகு அனுசரி என்றார்கள், பிறகு மனசைக் கல்லாக்கு என்றார்கள், இப்போது இந்தச் செங்கலும் சுண்ணாம்பும்கூட, உனக்குச் சம்மதமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கப் பார்க்கிறது.

"நில்லு" என்றாள் வடிவு.

கூட்டத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, அவரைப் பார்த்தும் சொல்லவில்லை, வீட்டைப் பார்த்துத்தான் சொன்னாள். வீடு நின்றது. தள்ளிக்கொண்டிருந்தவர்கள் தடுமாறி விழுந்தார்கள்.

அவள் படியிறங்கித் தெருவின் ஓரத்தில் நின்றாள். "கேட்டாச்சுங்க" என்றாள் அவரிடம், மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கிற குரலில். "இதுக்காகத்தான் நான் எங்கயும் போகாம இங்கனயே கெடந்தேன். அன்னைக்கே சொல்லியிருந்தா நம்ம வீடு வீடா இருந்திருக்கும். இன்னைக்குச் சொன்னதுனால நீங்க நல்ல மனுசன்னு ஆச்சு. எனக்கு நெறஞ்சு போச்சு. ஆனா நான் அங்க வர மாட்டேன். அந்தப் பட்டாசாலையில உங்க முன்னால உக்காந்து சாப்பிட இனி என்னால ஆகாது. எனக்கு உங்க மேல கோவம் இல்ல. கோவம் இருந்த வரைக்குந்தான் நான் உங்க பொண்டாட்டியா இருந்திருக்கேன்னு இப்பத்தான் தெரியுது."

சுடலைமணி கை தட்டினார். பின்னாலிருந்து நாலைந்து பேரும் தட்டினார்கள்.

"தட்டாதீங்க தம்பி" என்றாள் வடிவு. "உங்க பஸ்ஸுக்காகச் சொல்லல."

அடுத்த வாய்தாவில் ஜட்ஜையா வழக்கம்போல, எதிர்மனுதாரர் ஏதாவது சொல்கிறீர்களா என்று கேட்டார். பிரமநாயகம் எழுந்து, "அவ கேக்கது நியாயந்தான் ஐயா. கொடுத்திருங்க" என்றார். இரண்டு வக்கீல்களும் காகிதக் கட்டுகளைக் கட்டி எடுத்துக்கொண்டார்கள். தீர்ப்பானதும் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் ஊர் திரும்பினார்கள், அவர் முன்னால், அவள் பெண்கள் பக்கத்தில். இறங்கி அவர் கிழக்கே போனார், அவள் மேற்கே போனாள். மறுநாள் காலையில் ஊர்க்காரர்கள் கயிற்றைக் கொண்டுவந்து அளந்து பார்த்தார்கள். தெரு கூடவுமில்லை, குறையவுமில்லை. சில நாள் அளந்தார்கள், பிறகு அளப்பதை மறந்தார்கள், பஸ் கண்ணாடி உடையாமல் போய்வந்தது.

வடிவு மட்டும் அவர் குடையோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவர் நடை முன்போல இல்லை. ஒருநாள் காலையில், தட்டிலிருந்து இட்லியை எடுத்துக்கொண்டிருந்தவள், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து கூப்பிட்டாள். "இம்புட்டுத் தூரம் எதுக்குப் போகணும்? ஊரெல்லாம் இங்கதான சாப்பிடுது. வாங்க."

பிரமநாயகம் நின்றார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், ஒரு ஆட்டோவைப் போகவிட்டு, குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். வடிவு இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள், இட்லியை வைத்தாள், சட்டினியை ஊற்றினாள்.

அவளுடைய கடைக்கு வருகிற ஆண்கள் எல்லோரும் அவளுக்கு அண்ணாச்சிகள். சின்னவர் என்றால் தம்பி. அண்ணாச்சி, இன்னும் ரெண்டு வைக்கட்டுமா என்று கேட்டுக் கேட்டு அந்த வாக்கியம் அவள் நாக்கில் தானாக ஓடும். அன்றும் ஓடியது. இலை காலியானதைப் பார்த்ததும் தட்டோடு அவர் முன்னால் வந்து, வாயைத் திறந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். அண்ணாச்சி என்று சொல்ல அவளால் ஆகவில்லை. வேறு முறை சொல்ல இனி உரிமை இல்லை. பெயர் சொல்லி அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எத்தனையோ வருடம் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தவளுக்கு, அந்த மனிதரை அழைக்க இந்த உலகத்தில் ஒரு வார்த்தை மிச்சமில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் தங்கள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் எங்கே தடுக்கி நிற்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. வாழ்நாளில் முதல்முறையாக, அவள் கேட்பதற்கு முன்னால் அவர் பேசினார்.

"இன்னும் ரெண்டு வைங்கம்மா" என்றார்.

வடிவு வைத்தாள். சாம்பாரும் ஊற்றினாள். ஒரு நாளும் தான் சாப்பிட்ட இலையைத் தானாக எடுத்தறியாத மனிதர் அன்று இலையை மடித்து எடுத்துக்கொண்டுபோய்க் கூடையில் போட்டு, கை கழுவி, நன்றாக இருந்தது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். அவர் அந்தப் பக்கம் போய்ச் சேருகிற வரை வடிவு பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய், ஆட்டுரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புருஷன் செத்தவள் அழுவதுபோல வாய்விட்டு அழுதாள். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துபோகாமல், சட்டினி கேட்காமல், அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்தார்கள்.